குவீன்ஸ்டவுனுக்குக் கேம்பர் வேனில்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனுக்குப் போனால் வேனை ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வேன் தூங்குவதற்கு, சமைப்பதற்கு, ஊர்விட்டு ஊர் போவதற்கு. குவீன்ஸ்டவுன் தெருக்களில் சுற்றிப் பார்ப்பதற்கு இல்லை. மலைக்கும் ஏரிக்கும் நடுவில் கிடைத்த ஒரு துண்டு நிலத்தில் அந்த ஊரைக் கட்டியிருக்கிறார்கள். கார்காரர்களே வண்டி நிறுத்த இடம் தேடி அலைகிறார்கள். ஏழு மீட்டர் நீள வண்டியோடு நீங்கள் போய் நின்றால் என்ன ஆகும்? நான் போய் நின்றேன். முக்கால் மணி நேரம் மூன்று தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்து, மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், வந்த வழியே புறநகரான ஃபிராங்க்டனுக்குத் திரும்பி அங்கிருந்து பஸ் பிடித்தோம். அதை முதலிலேயே செய்திருந்தால் அன்றைய காலைப்பொழுது வீணாகியிருக்காது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பாடத்தைச் சுற்றி அமைந்ததுதான்.

புறப்படும் முன்

நியூசிலாந்தில் வண்டி ஓடுவது நம் ஊரைப்போலவே சாலையின் இடப்பக்கம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தாலும் அந்த அனுமதியையும் கையோடு வைத்திருப்பது நல்லது. வாடகைக் கவுண்டரில் பேச்சு குறையும்.

வேனை இரண்டு பேருக்கு இரண்டு படுக்கை என்று கணக்குப் போட்டு எடுக்காதீர்கள். படுக்கையை ஒவ்வொரு இரவும் விரித்து, ஒவ்வொரு காலையும் மடித்து மேசையாக்குவது மூன்றாவது நாளே சலித்துவிடும். இரண்டு பேருக்கு நான்கு படுக்கை வேன் எடுத்தால் ஒரு படுக்கையை விரித்தபடியே விட்டுவிடலாம். அதற்காகக் குடும்பம் சிறிதாக இருக்கும்போது ஆறு படுக்கை வண்டிக்குப் போகவும் வேண்டாம். நீளம் கூடக்கூட மலைப்பாதை வளைவில் கை நடுங்கும்.

முன்பதிவு செய்யும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: வண்டிக்குச் 'செல்ஃப்-கன்டெய்ன்ட்' சான்று, அதுவும் புதிய பச்சை நிறச் சான்று, இருக்கிறதா? வெளியில் எதையும் கொட்டாமல் மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் வண்டி என்று அதற்கு அர்த்தம். குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, பொருத்தப்பட்ட கழிவறை எல்லாம் இருக்க வேண்டும். 2023இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். ஒரு மூலையில் தூக்கி வைக்கும் கையடக்கக் கழிவறை இனி செல்லாது. படுக்கை விரித்திருக்கும்போதும் பயன்படுத்தும்படி நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும். சான்று இல்லாத வண்டியில், அதைக் கேட்கும் பொது இடத்தில் இரவு தங்கினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

குழந்தை இருந்தால் இருக்கையையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஏழு வயது நிறையும்வரை கட்டாயம். வண்டி ஓடும்போது யாரும் பின்னால் படுத்துக்கொண்டு வர முடியாது. எல்லோருக்கும் பெல்ட்.

பருவம்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. டிசம்பர் கடைசியில் இரவு ஒன்பதரை மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், கூட்டமும் அப்படியே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனிச்சறுக்குக் காலம். பனிச்சாலையில் டயருக்குச் சங்கிலி மாட்டத் தெரியாதவர்கள் முதல் பயணத்தை அப்போது வைத்துக்கொள்ள வேண்டாம். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் என் தேர்வு.

விமான நிலையத்தில் ஒரு நிமிடம்

அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி, ஊறுகாய், வடகம், கறிவேப்பிலை எதுவாக இருந்தாலும் நுழைவுப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதுங்கள். எழுதிவிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் பையில் ஒரு ஆப்பிள் இருந்தாலும் அங்கேயே 400 டாலர். மண் ஒட்டிய செருப்பு, ஷூ, கூடாரம் இவற்றையும் அறிவிக்க வேண்டும். துடைத்துக் கொண்டுபோங்கள்.

வண்டியைக் கையில் வாங்கும்போது

பெரும்பாலானோர் கிரைஸ்ட்சர்ச்சில் வண்டி எடுக்கிறார்கள். ஊழியர் பத்து நிமிடத்தில் படபடவென்று சொல்லி முடித்துவிடுவார். தலையாட்டாதீர்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டே கேளுங்கள். எரிவாயு எங்கே மூடுவது, தண்ணீர் எங்கே ஊற்றுவது, கழிவுநீர்க் குழாய் எது, கழிவறைப் பெட்டியை எப்படிக் கழற்றுவது, ஹீட்டர் மின்சாரத்திலா டீசலிலா என்று ஒவ்வொன்றாக. அதே வீடியோவில் வண்டியைச் சுற்றி வந்து கீறல்களையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கூரையை விட்டுவிடாதீர்கள்.

பிறகு ஒரு துண்டுத்தாளில் வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்று மீட்டரை ஒட்டி இருக்கும். நாம் ஓட்டும்போது தலைக்கு மேல் இன்னொரு மீட்டருக்கு வண்டி இருப்பது நினைவிலேயே இருக்காது. கடைகளின் முன்னால் தாழ்வான கம்பி போட்ட வாகன நிறுத்தங்களும் தாழ்ந்த மரக்கிளைகளும் இதற்காகவே காத்திருக்கின்றன. கூரைச் சேதத்துக்குக் காப்பீடு பல ஒப்பந்தங்களில் கிடையாது.

டீசல் வண்டி என்றால் எரிபொருள் விலையோடு கணக்கு முடிவதில்லை. அங்கே டீசல் வண்டிகளுக்குச் சாலை வரியைக் கிலோமீட்டர் கணக்கில் போடுகிறார்கள். நீங்கள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடகை நிறுவனம் மீட்டரைப் பார்த்து அதை வாங்கும்.

ஒப்பந்தத்தில் எந்தச் சாலைகளுக்குப் போகக்கூடாது என்ற பட்டியல் இருக்கும். குவீன்ஸ்டவுன் பக்கத்தில் ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலை அநேகமாக எல்லாப் பட்டியலிலும் உண்டு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். பார்க்க ஆசையாக இருந்தால் அங்கே போகும் சுற்றுலா வண்டியில் ஏறுங்கள்.

சாலையில்: இரண்டு நாளாகப் பிரியுங்கள்

கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுன் சுமார் 480 கிலோமீட்டர். மேப் ஆறு மணி நேரம் என்று சொல்லும். அது காருக்கு. வேனில் ஒரே மூச்சாகப் போனால் வழியில் உள்ள டெக்காப்போ, புக்காக்கி ஏரிகளையும் கண்ணாடிக்குள்ளிருந்தே பார்த்துவிட்டு, இருட்டில் புது இடத்தில் வண்டி நிறுத்தத் தடுமாறுவீர்கள். முதல் நாள் ஜெரால்டைன், ஃபேர்லி வழியாக டெக்காப்போ ஏரி வரை. சுமார் 225 கிலோமீட்டர். அங்கே இரவு. அந்தப் பகுதி 2012 முதல் சர்வதேச இருள்வானக் காப்பகம். வானம் தெளிந்திருந்தால் வெளியில் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

மறுநாள் புக்காக்கி ஏரி. பால் கலந்த நீலம். பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு தண்ணீரில் மிதப்பதால் வந்த நிறம். எதிரே 3,724 மீட்டர் உயர ஆவொராக்கி மலை. அப்புறம் ஓமராமாவில் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். அதன்பின் லிண்டிஸ் கணவாய், 971 மீட்டர். ஆளில்லாத புல்மலைகள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் குறைக்க முடியும். எப்படி என்று வண்டி எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். கிராம்வெல்லில் பழக்கடைகள் உண்டு. ஊர் முகப்பில் ராட்சதப் பழங்களின் சிலை வைத்திருப்பதால் தவறவிட முடியாது. டிசம்பர், ஜனவரியில் செர்ரிக் காலம். அங்கிருந்து கவராவ் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக ஃபிராங்க்டன். வழியில் பழைய தொங்குபாலம் ஒன்று வரும். காலில் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கும் பஞ்சி, உலகில் முதல்முறை வணிகரீதியாக 1988இல் தொடங்கிய இடம். 43 மீட்டர். குதிக்காதவர்களும் நின்று, குதிக்கிறவர்களின் முகத்தைப் பார்க்கலாம்.

நெடுஞ்சாலை வேகம் 100, ஊருக்குள் 50. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு 90தான். உங்கள் வண்டியின் எடையைப் பாருங்கள். வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் எண் சும்மா போட்டதல்ல. வேனில் அதற்கும் ஐந்து குறைத்தே போங்கள், இல்லையென்றால் பின்னால் அலமாரி திறந்து தட்டுகள் இறங்கிவரும்.

ஒருவழிப் பாலங்கள் நிறைய. பலகையில் இரண்டு அம்புகள் இருக்கும். உங்கள் திசையைக் காட்டும் அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நின்று எதிரில் வருபவருக்கு வழிவிட வேண்டும். பெரிய அம்பு உங்களுடையது என்றால் நீங்கள் முதலில். அப்போதும் எதிரே பார்த்துவிட்டுத்தான் ஏறவேண்டும். இன்னொன்று, பின்னால் நான்கைந்து கார்கள் சேர்ந்துவிட்டால் இடம் கிடைத்ததும் இடப்பக்கம் ஒதுங்கி விட்டுவிடுங்கள். ஹாரன் அடிக்கமாட்டார்கள், ஆனால் அவர்கள் பொறுமைக்கும் எல்லை உண்டு. நம் ஊரில் 'வர்றேன்' என்று சொல்ல ஹாரன் அடிப்போம். அங்கே அது திட்டு.

இரவு எங்கே

மூன்று வகை. முதலாவது ஹாலிடே பார்க். மின் இணைப்பு, வெந்நீர்க் குளியல், சலவை இயந்திரம், பொதுச் சமையலறை எல்லாம் இருக்கும். குவீன்ஸ்டவுனில் முதல் இரவு இதில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். கோடையில் வாரக்கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும். மின்வயரைச் சுருட்டியபடியே வைத்து இணைக்காதீர்கள். ஹீட்டர் ஓடும்போது சுருள் சூடேறும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

இரண்டாவது, இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள். அங்கே எல்லோரும் 'டாக்' என்கிறார்கள். கிளெனார்க்கி என்ற சிற்றூருக்குப் போகும் ஏரிக்கரைச் சாலையில் ட்வெல்வ் மைல் டெல்டா என்று ஒன்று. உள்ளே மலைகளுக்கு நடுவில் மோக் லேக் என்று இன்னொன்று. மின்சாரம் கிடையாது, குளியலறை கிடையாது. விடிகாலையில் கதவைத் திறந்தால் மலை. மோக் லேக்குக்கு மண் சாலை. உங்கள் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது ஃப்ரீடம் கேம்பிங், அதாவது காசில்லாமல் பொது இடத்தில் தங்குவது. குவீன்ஸ்டவுனைப் பொறுத்தவரை இதை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஏரிக்கரையில் ஆளில்லாத அழகான இடமாக இருக்கும், ஓரத்தில் சின்னப் பலகையும் இருக்கும், விடியும்போது கண்ணாடியில் தாள் ஒட்டியிருக்கும். அனுமதித்த இடங்களின் பட்டியல் மாவட்டக் கவுன்சிலின் விதிகளில் இருக்கிறது. அது மாறிக்கொண்டே வருவதால் போகும் வாரத்தில் அவர்கள் தளத்தில் பாருங்கள். கேம்பர்மேட் என்ற செயலி முகாம்களையும், வண்டிக் கழிவைக் கொட்டும் இடங்களான டம்ப் ஸ்டேஷன்களையும் காட்டும். அதை நம்பி இரவு எட்டு மணிக்கு மேல் இடம் தேடாதீர்கள்.

எங்கள் வரிசை இப்படி: முதல் இரவு ஹாலிடே பார்க், அடுத்த இரண்டு இரவு டாக் முகாம், கடைசி இரவு மறுபடி ஹாலிடே பார்க். துணி துவைக்கவும் தலைக்குக் குளிக்கவும் பேட்டரி ஏறவும் இது சரியாக இருக்கிறது.

யாரும் சொல்லாத வேலை

கழிவறைப் பெட்டி. வண்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு. உள்ளே சூட்கேஸ் அளவில் பெட்டி. சுமார் 18 லிட்டர் பிடிக்கும். இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிரம்பும். நிறைந்துவிட்டதைச் சிவப்பு விளக்கு சொல்லும். அது எரியும்வரை காத்திருக்காமல் முன்பே போங்கள்.

டம்ப் ஸ்டேஷனில் செய்ய வேண்டியது: முதலில் கையுறை. வண்டிக்குள் கழிவறைக் கிண்ணத்தின் அடிமூடி சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் பெட்டி வெளியில் வராது, பலமாக இழுத்து வந்துவிட்டால் அதைவிட மோசம். பெட்டியை நிமிர்த்தி, மூக்குப் பகுதியை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றி, குழியை நோக்கிச் சாய்க்கும்போது மேலே உள்ள காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருங்கள். அந்தப் பொத்தான்தான் ரகசியம். அழுத்தாவிட்டால் குடத்திலிருந்து கொட்டுவதுபோல் 'குபுக் குபுக்' என்று தெறிக்கும். முதல்முறை எனக்கு இது தெரியாது. அன்று போட்டிருந்த காலணியைக் குப்பையில் போட்டேன். காலியானதும் தண்ணீர் விட்டுக் குலுக்கி இரண்டுமுறை கழுவி, சிறிது தண்ணீரும் அதற்கான மருந்தும் ஊற்றித் திரும்ப மாட்டுங்கள்.

அங்கே இரண்டு குழாய் இருக்கும். ஒன்று கழுவ, மற்றது குடிக்க. பலகையைப் படியுங்கள். கழுவும் குழாயின் ரப்பர் டியூபை எடுத்துக் குடிநீர்த் தொட்டியில் விடுகிற ஆட்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாத்திரம் கழுவிய நீரின் தொட்டியையும் அங்கேயே திறந்துவிட வேண்டும். ஏரிக்கரையிலோ புல்லிலோ ஒருபோதும் கூடாது.

சமையல்

பேட்டரியில் மிக்ஸி ஓடாது, ரைஸ் குக்கர் ஓடாது. எரிவாயு அடுப்பில் சிறு பிரஷர் குக்கர் ஒன்று போதும். கிரைஸ்ட்சர்ச்சில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. பருப்பு, அரிசி, புளி எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி புறப்படுமுன் எரிவாயுவை மூடுங்கள், ஒவ்வொரு முறையும்.

தாளிப்புக்கு ஒரு எச்சரிக்கை. காய்ந்த மிளகாயும் கடுகும் எண்ணெயில் விழுந்த பத்தாவது நொடியில் புகை அலாரம் அலறும். முகாம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். கூரை ஜன்னலைத் திறந்து, பக்கக் கதவையும் திறந்து, தாளிப்புக் கரண்டியை மூடியால் மூடிக்கொண்டே தாளியுங்கள். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். உள்ளே எரிவாயு எரிகிறது, தூங்கப் போவதும் அதே பெட்டிக்குள்தான். மீன், கருவாடு எல்லாம் ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையில். மெத்தையில் ஏறிய வாசனை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை போகாது.

இரவில் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். இல்லையென்றால் காலையில் கண்ணாடியெல்லாம் மூச்சின் ஈரம் வழியும். ஜனவரியிலும் இரவு குளிரும், போர்வை கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.

ஊருக்குள், வேன் இல்லாமல்

ஃபிராங்க்டனில் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள், விமான நிலையம், பஸ் நிலையம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பஸ்ஸுக்கு 'பீ கார்டு' என்ற அட்டை வாங்கினால் கட்டணம் குறையும். கால் பலமுள்ளவர்கள் ஃபிராங்க்டனிலிருந்து ஏரியை ஒட்டிய சமதளப் பாதையில் நடந்தே போகலாம். ஏழு கிலோமீட்டர் அளவு. போகும்போது நடை, வரும்போது பஸ்.

நகரமையத்தில் இறங்கியதும் கூட்டத்தை விட்டுத் தண்ணீர் ஓரத்துக்குப் போங்கள். வாக்கட்டிப்பு ஏரி சுமார் 80 கிலோமீட்டர் நீளம், மின்னல் கீற்றுப்போல் வளைந்தது, ஆழம் 380 மீட்டர். கரையில் ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால், காற்றில்லாதபோதும் தண்ணீர் மெல்ல ஏறி இறங்குவது தெரியும். பத்து சென்டிமீட்டர் அளவுதான். நீண்ட தொட்டியில் தண்ணீர் ஊசலாடுவதுபோல ஏரி முழுவதும் ஆடுகிறது. ஏரியடியில் கிடக்கும் மாட்டாவ் என்ற அரக்கனின் இதயம் இன்னும் துடிக்கிறது என்று மாவோரிக் கதை சொல்கிறது. எங்கள் மகன் தன் செருப்பைத் தண்ணீர் விளிம்பில் அடையாளமாக வைத்தான். ஐஸ்கிரீம் முடிந்து திரும்பியபோது செருப்பு நனைந்திருந்தது.

1912இல் ஓடத் தொடங்கிய 'எர்ன்ஸ்லா' நீராவிக் கப்பல் இன்றும் அதே ஏரியில் போய்வருகிறது. உள்ளே எஞ்சின் அறையை மேலிருந்து பார்க்கலாம். காசு செலவழிக்க ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கேபிள் காரைவிட இதற்குத்தான் என் வாக்கு. மலைமேல் நின்று பார்க்க, குவீன்ஸ்டவுன் ஹில் பாதை இலவசம். சுமார் 500 மீட்டர் ஏற்றம், போய்வர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேனை எடுத்துக்கொண்டு போக வேண்டிய திசை எதிர்ப்பக்கம்: கிளெனார்க்கி, 45 கிலோமீட்டர். ஏரியை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலை. ஓட்டுபவர் பார்வையைத் திருப்பக்கூடாது, அதனால் ஒதுங்குமிடம் வரும்போதெல்லாம் நிறுத்துங்கள். ஏரித் தலைமாட்டில் மணல்பூச்சிகள் கொசுவைவிடச் சிறியவை, அரிப்பு பல நாள் இருக்கும். மருந்து தடவிக்கொள்ளுங்கள். நீந்த ஆசைப்பட்டால் தண்ணீர் கோடையிலும் சில்லென்று உறையவைக்கும். நாலடி தள்ளி ஆழம் சட்டென்று இறங்கும் இடங்கள் உண்டு. ஏரியில் நனைத்த காலணி, துண்டு, கயாக் எதையும் இன்னொரு ஏரிக்கு ஈரத்தோடு கொண்டுபோகாதீர்கள். டிடிமோ என்ற பாசி நுண்ணளவில் ஒட்டிக்கொண்டு பரவுகிறது. கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

அடுத்த ஏரிக்கரை ஊரான வனாக்காவுக்குப் போகிறவர்களுக்குக் கிரவுன் ரேஞ்ச் சாலை குறுக்குவழி. உச்சி சுமார் 1,100 மீட்டர். கொண்டையூசி வளைவுகள். பெரிய வேனாக இருந்தாலோ காலையில் உறைபனி விழுந்திருந்தாலோ, கிராம்வெல் வழியே சுற்றிப் போய்விடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

முந்தைய நாளே கழிவறைப் பெட்டியையும் இரண்டு தொட்டிகளையும் காலிசெய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் காலையில் டம்ப் ஸ்டேஷனில் உங்களைப்போலவே ஐந்து வண்டி நிற்கும். டீசல் நிரப்பிய ரசீதை வைத்திருங்கள். மறுபடியும் ஒருமுறை சுற்றி வந்து வீடியோ.

மிஞ்சிய சாமான்களை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். பல ஹாலிடே பார்க்குகளின் சமையலறையில், போகிறவர்கள் வைத்துவிட்டுப் போவதற்கென்றே ஒரு தட்டு இருக்கும். நாங்கள் அரைப் பொட்டலம் துவரம்பருப்பும் பாதி பாட்டில் நல்லெண்ணெயும் வைத்துவிட்டு, அங்கே யாரோ விட்டுப்போன காப்பித்தூளை எடுத்துக்கொண்டோம்.